கிழக்கே செம்பு, மேற்கே கழிவு: பூகன்வில் சுரங்கம் கற்பிக்கும் வரலாறு

ஏழை நாடுகள் முதலில் செல்வம் ஈட்டட்டும். கெட்டுப்போன ஆற்றையும் காற்றையும் பின்னர்ச் சீர்செய்துகொள்ளலாம் என்னும் கருத்து வளரும் நாடுகளின் ஆட்சியாளரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. 1972 ஜூன் திங்களில் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய சுற்றுச்சூழல் மாநாட்டில் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி, வறுமையை மறந்துவிட்டு மாசைப்பற்றி மட்டும் பேசலாகாது என்னும் பொருள்பட உரையாற்றினார். அவ்வுரையில் நியாயம் உண்டு. எனினும் அந்நியாயத்தைத் தம் வசதிக்கேற்ப வளைத்துக்கொண்டோரும் உண்டு. 1991-இல் கிராஸ்மன், குரூகர் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் இருவர், நாட்டின் தலைக்கட்டு வருமானம் உயர உயரச் சில காற்று மாசுகள் முதலில் மிகுந்து, ஒரு கட்டத்துக்குப்பின் குறைவதைப் புள்ளிவிவரங்களால் காட்டினர். கவிழ்த்து வைத்த கிண்ணத்தைப் போன்ற அவ்வளைகோட்டைக் கண்ட பலர், வளர்ச்சியே மாசுக்கு மருந்து என்று முடிவு செய்துவிட்டனர்.

இம்முடிவை ஒரு தீவின் வரலாற்றுக்கு முன் நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஸ்டாக்ஹோம் மாநாடு கூடுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1972 ஏப்ரலில், தென்பசிபிக் கடலிலுள்ள பூகன்வில் தீவின் பாங்குனா மலையில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களுள் ஒன்று செம்பு எடுக்கத் தொடங்கியது. அந்நிய முதலீடு ஒரு புதிய தேசத்துக்கு எதைக் கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது என்பதை இத்தனை தெளிவாகக் காட்டும் இடங்கள் சிலவே. மேலும், அத்தீவின் மக்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஆகவே அவர்கள் வரலாறு திருச்சபையின் வரலாறுமாகும்.

1. தீவும் அதன் மக்களும்

நம் தோட்டங்களில் காகிதப்பூ என வழங்கும் கொடிக்கும் இத்தீவுக்கும் ஒருவரே பெயர் தந்தவர். அவர் 1768-இல் அக்கடல் வழியே சென்ற பிரெஞ்சு மாலுமி பூகன்வில். தீவின் பரப்பு ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர். நிலவியலாலும் மக்களின் உறவுமுறையாலும் அது சாலமன் தீவுகளைச் சேர்ந்தது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியும் பிரிட்டனும் தமக்குள் வரைந்துகொண்ட எல்லைக்கோடு அதனை நியூகினியோடு இணைத்துவிட்டது. முதல் உலகப்போரில் ஆஸ்திரேலியா அதனைக் கைப்பற்றியது. இரண்டாம் உலகப்போரின் ஜப்பானியப் படையெடுப்புக்குப்பின், ஐக்கிய நாடுகள் சபையின் பொறுப்பாட்சி நிலமாக அது மீண்டும் ஆஸ்திரேலிய நிர்வாகத்தின்கீழ் வந்தது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கத்தோலிக்க மாரிஸ்ட் சபையாரும், அவர்களுக்குப்பின் மெதடிஸ்டுகளும், ஏழாம்நாள் அட்வென்டிஸ்டுகளும் அங்கே ஊழியம் செய்தனர். 1968-இல் மெதடிஸ்ட் சபையும், இலண்டன் மிஷன் வழிவந்த பப்புவா சபையும் கூடி, பப்புவா நியூகினி, சாலமன் தீவுகள் ஐக்கிய சபையாக உருப்பெற்றன. 1947-இன் தென்னிந்தியத் திருச்சபை ஒருமைப்பாட்டை அறிந்த நமக்கு இது அந்நியச் செய்தியன்று. பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் பெரும்பாலும் மிஷன்களே நடத்தின. அரசாங்கத்தைக் காட்டிலும் மிஷனையே அம்மக்கள் நெருங்கி அறிந்திருந்தனர்.

பாங்குனாவைச் சூழ்ந்து வாழும் நாசியோய் மக்களிடத்தில் நிலவுரிமை தாய்வழியில் இறங்குவது. நிலத்தைத் தனியொருவர் விற்கவியலாது. இறந்தோரும் இனிப் பிறக்கப்போவோரும் அடங்கிய குலத்துக்கே அது உரியது. அதன் காவலர் பெண்கள். நாபோத் தன் திராட்சத்தோட்டத்தைக் கொடுக்க மறுத்தது விலை போதாமையால் அன்று, அது முன்னோர் வழிவந்த உரிமை என்பதனால்தான் என்று நம் வாசகர் அறிவர். 1 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்தை விளக்கவுரையின்றியே புரிந்துகொள்ளத்தக்க மக்கள் இவர்கள்.

2. நிலத்தின் மேலும் கீழும்

1964-இல் ஆஸ்திரேலியாவின் கான்சிங்க் ரியோடின்டோ நிறுவனத்தார் பாங்குனாவில் செம்பைத் தேடி வந்தனர். அதே காலத்தில் உலக வங்கியின் ஆய்வுக்குழு, அந்நிலப்பகுதி தன் காலில் நிற்கவேண்டுமாயின் மிகுந்த பலன் தரும் இடங்களில் முதலீட்டைக் குவிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. விடுதலையை நோக்கிச் செல்லும் நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் பெரும்பகுதி ஆஸ்திரேலிய மானியத்தால் நடைபெற்றுவந்தது. அம்மானியத்துக்கு மாற்றாக ஒரு வருவாய் வேண்டும். பாங்குனாவே அவ்வருவாய் என்று நிர்வாகம் கணக்கிட்டது.

இங்கே சட்டம் குறுக்கிட்டது. நிலத்தின் மேற்பரப்பு குடிகளுடையது. நிலத்தின் கீழுள்ள கனிமம் முடியரசுடையது என்பது ஆஸ்திரேலியச் சட்டம். நாசியோய் மக்களுக்கு இவ்வாறு மேலென்றும் கீழென்றும் பிரிப்பதே விளங்கவில்லை. 1966-இல் ஆஸ்திரேலிய அமைச்சர் பார்ன்ஸ் தீவுக்கு வந்தபோது, சுரங்கத்தின் பலன் நாடு முழுவதற்கும் உரியது, நிலத்துக்குரியோருக்கெனத் தனிப்பங்கு இல்லை என்னும் கருத்தையே தெரிவித்தார். அவ்வாண்டிலேயே பூகன்வில் உறுப்பினர் பால் லாபுன் சட்டமன்றத்தில் வாதாடி, அரசுக்குச் சேரும் கனிம உரிமைத்தொகையில் 5 விழுக்காட்டை நில உரிமையாளருக்குப் பெற்றுத்தந்தார். அவ்வுரிமைத்தொகையோ செம்பின் ஏற்றுமதி மதிப்பில் 1.25 விழுக்காடே. 1.25 விழுக்காட்டில் 5 விழுக்காடு என்றால், நூறு ரூபாய்ச் செம்புக்கு ஆறு காசு அளவே என்பதை நாம் கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

1969 ஆகஸ்டில், துறைமுகம் அமைப்பதற்காக ரோரோவானா கிராமத்தின் கடற்கரை நிலம் எடுக்கப்பட்டது. நிலஅளவைக் கல்லைப் பெயர்த்தெறியவும், இயந்திரங்களின் முன் நின்று மறிக்கவும் அக்கிராமத்துப் பெண்கள் முன்வந்தனர். காவலர் கண்ணீர்ப்புகையும் தடியும் கொண்டு அவர்களைக் கலைத்தனர். அக்காட்சியின் புகைப்படங்கள் ஆஸ்திரேலியச் செய்தித்தாள்களில் வெளியாகி, அந்நாட்டு மக்களையே கலங்கச் செய்தன. இழப்பீடு உயர்த்தப்பட்டது, பேச்சுவார்த்தை நடைபெற்றது, வேலையும் தொடர்ந்தது.

3. கிழக்கே செம்பு, மேற்கே கழிவு

பாங்குனாவின் தாதுவில் செம்பின் அளவு மிகக் குறைவு. ஒரு டன் தாதுவில் சராசரியாக 5 கிலோ செம்பே இருந்தது. அதனோடு ஒரு கிராமுக்கும் குறைந்த பொன் உண்டு. எஞ்சிய யாவும் கழிவு. மலையின்மேல் இருந்த மழைக்காடு நஞ்சிட்டுக் கொல்லப்பட்டு, மேல்மண் நீரால் அடித்துச் செல்லப்பட்டது. பாறை வெடிவைத்து உடைக்கப்பட்டு, ஆலையில் மாவாக அரைக்கப்பட்டது. நீரும் இரசாயனங்களும் கலந்து நுரைக்கச் செய்து செம்புத்துகளைப் பிரித்தெடுத்தனர்.

பிரித்தெடுத்த செம்புக்குழம்பு குழாய்வழியே கிழக்குக் கடற்கரையின் லோலோஹோ துறைமுகத்துக்கு இறங்கி, அங்கிருந்து ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறியது. எஞ்சிய சேறு மேற்கே கவராங் ஆற்றில் விடப்பட்டு, அதிலிருந்து ஜாபா ஆற்றில் கலந்து, மேற்குக் கடற்கரையின் எம்ப்ரஸ் அகஸ்டா வளைகுடாவை அடைந்தது. ஒரே மலையின் ஒரு சரிவில் செல்வம் இறங்கியது. மறு சரிவில் கழிவு இறங்கியது. பூகன்வில் வரலாற்றின் உட்பொருள் இவ்விரு சரிவுகளில் அடங்கியிருக்கிறது.

1972 முதல் 1989 வரை ஆற்றில் சேர்ந்த கழிவு 100 கோடி டன்னுக்கு மேற்பட்டது. ஆற்றின் படுகை உயர்ந்தது. கிளையாறுகளின் வாய் அடைபட்டது. நீர் பின்வாங்கி வயல்களிலும் காடுகளிலும் தேங்க, மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. மீன் அற்றது. கடலில் கழிவே ஒரு புதிய கழிமுகமாகத் தள்ளி நின்றது. குத்தகைக்கு எடுக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 13,000 ஹெக்டேர். கழிவைக் குழாய் மூலம் கடற்கரைக்குக் கொண்டுசெல்லும் பணி 1980-களின் பிற்பகுதியில்தான் தொடங்கப்பெற்றது. சுரங்கம் மூடப்பட்டபோது அது முற்றுப்பெற்றிருக்கவில்லை.

இவையனைத்தும் சட்டத்தை ஏமாற்றி நடைபெற்றவை அல்ல. கழிவை ஆற்றில் விடுவது, 1967-இன் ஒப்பந்தத்தின்கீழ் அரசின் அனுமதியோடு நடந்த செயல். தவறு சட்டத்தை மீறியதில் இல்லை, சட்டத்திலேயே இருந்தது.

4. வருவாய் யாரைச் சேர்ந்தது?

நன்மையையும் நாம் மறைத்தல் ஆகாது. சுரங்கத்தால் சாலைகளும், ஆராவா என்னும் நகரமும், அங்கே ஒரு நல்ல மருத்துவமனையும் தோன்றின. நிறுவனம் ஆயிரக்கணக்கான இளைஞருக்குத் தொழிற்பயிற்சி அளித்தது. பதினேழு ஆண்டுகளில் சுமார் 30 இலட்சம் டன் செம்பும் 300 டன்னுக்கு மேற்பட்ட பொன்னும் எடுக்கப்பட்டன. பப்புவா நியூகினியின் ஏற்றுமதி வருமானத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் பாங்குனாவினின்று வந்தது. 1975 செப்டம்பர் 16-இல் விடுதலை பெற்ற அந்நாடு தன் பள்ளிகளையும் அலுவலகங்களையும் நடத்துவதற்கு இச்செம்பு பேருதவியாயிற்று.

பன்னாட்டு நிறுவனங்களைக் கண்டிக்கும் நம் பிரசங்கங்களில், அந்நியரே யாவற்றையும் அள்ளிச் சென்றனர் என்று கூறுவது வழக்கம். பாங்குனாவின் கணக்கு அவ்வாறு கூறவில்லை. 1973-இல் நிறுவனம் ஈட்டிய பெரும் இலாபத்தைக் கண்ட மைக்கேல் சோமாரேயின் அரசு, 1974-இல் ஒப்பந்தத்தைத் திருத்தி, வரிவிலக்கை நீக்கி, ஒரு வரம்புக்கு மேற்பட்ட இலாபத்துக்கு 70 விழுக்காடு வரி விதித்தது. அக்காலத்து வளரும் நாடுகளுக்கு இது பெருமைக்குரிய வெற்றி. சுரங்கம் நடந்த காலமெல்லாம் பகிர்ந்தளிக்கப்பட்ட வருவாயில் சுமார் 62 விழுக்காடு தேசிய அரசுக்கும், மூன்றில் ஒரு பங்கு வெளிநாட்டுப் பங்குதாரருக்கும், 4 விழுக்காட்டளவு மாகாண அரசுக்கும் சென்றன. ஆற்றையும் மலையையும் இழந்தோரைச் சேர்ந்தது 1.4 விழுக்காடு.

ஆகவே பெரும்பங்கு பெற்றது தேசமே. தேசிய அரசு சுரங்கத்தின் வரியைப் பெற்றது, பங்குதாரராகவும் இருந்தது, அதே சுரங்கத்தைக் கண்காணிக்கும் பொறுப்பும் அதனுடையதாயிற்று. ஆற்றைக் காக்கவேண்டியவர், ஆற்றில் கழிவு விடுவதால் வரும் வருவாயைக்கொண்டு ஆட்சி நடத்தினார். 1975-இன் அரசியலமைப்பு இயற்கை வளங்களை வருங்காலத் தலைமுறைக்காகக் காப்பதைத் தன் நான்காம் தேசிய இலட்சியமாக அறிவித்தது. அவ்வரசியலமைப்பை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் பூகன்வில்லைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவானவர் ஜான் மோமிஸ் என்பது நாம் கவனிக்கத்தக்கது. எழுதிய இலட்சியம் பாங்குனாவின் ஆற்றை எட்டவில்லை. ஏழாண்டுக்கொருமுறை ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று 1974-இல் முடிவாயிற்று. 1981-இல் நடைபெறவேண்டிய மறுபரிசீலனை நடைபெறவேயில்லை. மோமிஸ் 1987-இல் நிறுவனத்துக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் புதிய ஏற்பாடு ஒன்றைக் கோரியதும் பயன்தரவில்லை.

இழப்பீட்டுப் பணமும் புண்ணை ஆற்றவில்லை. தாய்வழி உரிமையுள்ள குலங்களில், பதிவேட்டில் குலத்தலைவராக எழுதப்பட்ட சிலர் கையிலேயே தொகை சேர்ந்தது; அவர்களில் ஆண்களே மிகுதி. பெண்களும் இளைஞரும் புறத்தே நின்றனர். 1987-இல் பெர்பெச்சுவா செரெரோ என்னும் பெண்மணியைத் தலைவராகக் கொண்டு புதிய நில உரிமையாளர் சங்கம் ஒன்று எழுந்தது இதன் விளைவே. அதன் செயலாளர், சுரங்கத்தில் பணிபுரிந்திருந்த பிரான்சிஸ் ஓனா.

5. மூடப்பட்ட சுரங்கமும் திறந்த போரும்

1988-இல் நியூசிலாந்து ஆய்வு நிறுவனம் ஒன்று சுரங்கத்தின் விளைவுகளை ஆராய்ந்தது. நிலத்துக்கும் ஆற்றுக்கும் நேர்ந்த பெருஞ்சேதத்தை அது ஒப்புக்கொண்டது. ஆயினும் மக்கள் அஞ்சிய நோய்களுக்கும் விலங்குகள் அருகியதற்கும் இரசாயன நஞ்சே காரணம் என்பதற்குச் சான்று காணவில்லை. ஆய்வாளர் அளந்தது நீரின் நஞ்சு. மக்கள் இழந்தது ஆறு. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதனால் அந்த அறிக்கை எவரையும் அமைதிப்படுத்தவில்லை. அவ்வாண்டு நவம்பரில் ஓனாவின் குழுவினர் சுரங்கத்தின் வெடிமருந்தைக் கவர்ந்து, மின்கம்பங்களைத் தகர்த்தனர். 1989 மே 15-இல் சுரங்கம் மூடப்பட்டது.

அதன்பின் நேர்ந்ததை நாம் துயரத்தோடன்றி எழுத இயலாது. இராணுவம் கிராமங்களை எரித்தது. 1990-இல் படைகளை விலக்கிக்கொண்ட அரசு, தீவைச் சுற்றிக் கடல் முற்றுகை இட்டது. மருந்து வரவில்லை. மலேரியாவாலும் பிரசவத்தாலும் இறந்தோர் பலர். பூகன்வில்லைச் சேர்ந்தோரே ஒருவரையொருவர் கொன்ற காலமும் வந்தது. உயிரிழந்தோர் 10,000 முதல் 20,000 வரை என மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. தீவின் மொத்த மக்கள்தொகை அக்காலத்தில் இரண்டு இலட்சத்துக்கும் குறைவே என்பதை நினைவிற்கொள்ளவேண்டும். 1997-இல் பிரதமர் ஜூலியஸ் சான் வெளிநாட்டுக் கூலிப்படையை அமர்த்தினார். நாட்டின் படைத்தளபதியே அதனை எதிர்த்து எழுந்தமையால் அத்திட்டம் கவிழ்ந்தது. அவ்வாண்டு நியூசிலாந்தில் தொடங்கிய பேச்சுவார்த்தை, 2001 ஆகஸ்ட் 30-இன் சமாதான ஒப்பந்தத்தில் முடிவுற்றது.

அச்சமாதானத்தில் திருச்சபைகளுக்கும் பெண்களுக்கும் பெரும்பங்கு உண்டு. வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த பெண்கள் சபை எல்லை கடந்து ஒன்றுகூடினர். காட்டிலிருந்த தம் புதல்வரையும் சகோதரரையும் ஆயுதத்தைக் கீழே வைக்கும்படி நேரில் சென்று மன்றாடினர். முன்னோர் முறைப்படியான ஒப்புரவுச் சடங்கும் கிறிஸ்தவ ஜெபமும் அருகருகே நடைபெற்றன. நிலத்தின் காவலர் எனப்பட்டோர் உயிரின் காவலராகவும் நின்றனர்.

பாங்குனா மூடப்பட்டதன் விளைவு தீவோடு நிற்கவில்லை. அதே நாட்டின் பெருநிலப்பரப்பில், ஓக் டெடி என்னுமிடத்தில், ஆஸ்திரேலியாவின் பிஎச்பி நிறுவனம் முன்னின்று நடத்திய செப்புச் சுரங்கத்துக்கெனக் கட்டத் தொடங்கிய கழிவு அணை 1984-இல் நிலச்சரிவால் அழிந்தது. மாற்று அணை கட்டப்படவேண்டும் என்பதே முந்தைய நிபந்தனை. 1989-இல் பாங்குனாவின் வருவாயை இழந்துவிட்ட அரசு, அணையின்றியே ஆற்றில் கழிவை விட இசைந்தது. நாளொன்றுக்குச் சுமார் 80,000 டன் கழிவு ஓக் டெடி ஆற்றிலும், அதன்வழி ஃபிளை ஆற்றிலும் கலந்தது. பெருஞ்சேதம் விளைந்தபின், 2002-இல் அந்நிறுவனம் விலகிச் சென்றது. இவ்வாறு ஓர் ஆற்றின் வருவாய் நின்றபோது, வேறோர் ஆறு அதற்கு ஈடாக வைக்கப்பட்டது.

6. மீண்டும் எழும் வினா

2005-இல் பூகன்வில்லில் தன்னாட்சி அரசு அமைந்தது. 2015-இல் அவ்வரசு இயற்றிய சுரங்கச் சட்டம், நிலத்தின் கீழுள்ள கனிமமும் மரபுவழி நில உரிமையாளருக்கே உரியது என்று ஏற்றது. 1960-களில் விளங்காதிருந்த அச்சட்டப்பிரிவு ஐம்பதாண்டுகளுக்குப்பின், ஒரு போருக்கும் பின், திருத்தப்பட்டது. 2016-இல் ரியோ டின்டோ தன் பங்குகள் அனைத்தையும் விலையின்றிக் கைவிட்டது. அவை தேசிய அரசுக்கும் தன்னாட்சி அரசுக்கும் சேர, இரண்டும் தலா 36.4 விழுக்காட்டுப் பங்குக்கு உரியன ஆயின. கழிவை அகற்றும் கடமை தனக்கில்லை என்பதே அந்நாளில் நிறுவனத்தின் நிலைப்பாடு. 2020-இல் தீவுமக்கள் 156 பேர் ஆஸ்திரேலிய மனித உரிமைச் சட்ட மையத்தின் துணையோடு முறையீடு செய்தனர். அதன்பயனாக நிறுவனம் ஒரு சுதந்திர ஆய்வுக்கு இசைந்தது. 2024 டிசம்பரில் வெளியான அவ்வறிக்கை, இடிந்துவிழக்கூடிய கட்டுமானங்கள், கரை சரிதல், வெள்ளம், மாசுற்ற மண் முதலியவற்றால் மக்களின் உயிருக்கே ஆபத்து உண்டென்று உறுதிசெய்தது. சுரங்கம் நின்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின்னும் மழைதோறும் கழிவு இறங்கிக்கொண்டேயிருந்தது.

2019-இல் நடைபெற்ற வாக்கெடுப்பில் ஏறத்தாழ 98 விழுக்காட்டினர் தனிநாடு வேண்டினர். தனிநாட்டுக்கு வருவாய் வேண்டுமே! 2020-இல் தன்னாட்சி அரசின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இஷ்மாயேல் டொரோவாமா, முன்னர்ச் சுரங்கத்தை எதிர்த்த படையின் தளபதிகளுள் ஒருவர். பாங்குனாவை மீண்டும் திறப்பது விடுதலைக்கு வழிசெய்யும் என்று அவரது அரசே கருதுகிறது. நிலத்துக்குரியோரிடையே இதனை ஏற்போரும் உண்டு. கழிவை அகற்றாமல் திறக்கலாகாது என்போரும், ஒருபோதும் வேண்டா என்போரும் உண்டு. 1960-களில் ஆஸ்திரேலிய நிர்வாகம் போட்ட அதே கணக்கு இன்று அம்மக்களின் கையிலேயே வந்து சேர்ந்திருக்கிறது. இம்முறை மறுக்கும் உரிமை அவர்களுக்குச் சட்டப்படி உண்டு என்பதே வேறுபாடு. அது சிறிய வேறுபாடன்று.

7. நாம் கற்பவை

முதலாவது, வளர்ந்தபின் தூய்மை செய்யலாம் என்னும் விதி எல்லா மாசுக்கும் பொருந்தாது. நகரத்துப் புகையைச் சுவாசிப்போர் அந்நகரத்தின் செல்வத்தில் பங்குடையோர். அவர்கள் உரத்துக் கேட்டால் புகை குறையும். நூறு கோடி டன் சேறு ஒரு பள்ளத்தாக்கில் படிந்தபின் எந்த வருமான உயர்வும் அதனை அள்ளிவிடுவதில்லை.

இரண்டாவது, அந்நிய முதலீட்டின் தீங்கு அதன் அந்நியத்தன்மையில் மட்டும் இல்லை. பலனைப் பெறுவோர் ஒரு சரிவிலும், இழப்பைச் சுமப்போர் மறு சரிவிலும் இருக்கையில், உள்நாட்டு முதலீடும் அதே தீங்கைச் செய்யும். கண்காணிக்கும் அரசே பெரும்பங்கு பெறுகையில், இழந்தோருக்காகப் பேச எவரும் எஞ்சுவதில்லை.

மூன்றாவது, இழப்பீடு என்பது விலை நிர்ணயம் மட்டுமன்று. யாரிடம் கேட்கப்பட்டது, யார் பெயர் எழுதப்பட்டது, மறுத்தால் அம்மறுப்பு செல்லுமா என்பவை தொகையைக் காட்டிலும் முந்திய வினாக்கள். ரோரோவானாவின் பெண்கள் 1969-இல் கேட்டது இவற்றையே.

நம் போதகர்களில் பலர் ஆலைகளும் சுரங்கங்களும் உள்ள வட்டாரங்களில் ஊழியம் செய்கின்றனர். ஆலையில் வேலை செய்வோரும், ஆலைக்கழிவு பாயும் வயலையுடையோரும் ஒரே ஆலயத்தில் அருகருகே அமர்ந்திருப்பர். ஒருவருக்கு அது அன்றாட அப்பம். மற்றவருக்கு அது கிணற்றின் கேடு. இவ்விருவரில் ஒருவருக்காக மட்டும் பேசுவது எளிது. பூகன்வில்லின் திருச்சபைகள் போர் முற்றியபின் இரு சாராரையும் ஓரிடத்தில் அமர்த்தின. அவர்கள் செய்ததை நாம் போருக்கு முன்னரே செய்யலாம்: கழிவு எங்கே போகிறது, கணக்கு யார் கையில் இருக்கிறது என்னும் இரண்டு வினாக்களையும் இருவரும் கேட்க, சபைக்கூட்டத்தில் எழுப்பலாம்.